அடிமையாதல் மருத்துவப் பரீட்சை: எந்த நாட்டு இலக்கத்தைப் படிக்கிறது?

களுதாவளை_எம்ஓ | மட்டக்களப்பு

அடிமையாதல் மருத்துவத்தில சர்வதேசச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறன். கையில ஆறு மாசம். கிழமைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல படிப்புக்கு ஒதுக்க ஏலாது. வைச்சிருக்கிறது ஒரு அமெரிக்க வினா வங்கியும் பிரித்தானியக் கைநூல் ஒண்டும். ரெண்டும் ஒத்துவரல்ல. ஒண்டில ஒரு 'ட்ரிங்க்' 14 கிராம், மற்றதில ஒரு யூனிட் 8 கிராம். ஹெரோயின் மாதிரி ஓபியொயிட் சார்புக்குக் குடுக்கிற மெதடோனின்ர முதல்நாள் அளவும் இடத்துக்கிடம் வேற. எதைப் பிடிச்சுப் படிக்கிறது? ஆறு மாசத்தை எப்பிடிப் பிரிக்கிறது? கதை வேணாம், இலக்கமும் காரணமும் தந்தாப் போதும்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

தம்பி, முதல்ல எந்தக் கதவு எண்டு பாருங்க. அமெரிக்கத் தடுப்பு மருத்துவச் சபை நடத்துற பரீட்சை (முதல் தடவை 2017இல நடந்தது) அங்க ஏற்கெனவே ஒரு முதன்மைத் துறையில சான்றிதழ் உள்ளவங்களுக்கு மட்டும். இங்கயிருந்து நேரா எழுத ஏலாது. நமக்குத் திறந்திருக்கிறது 1999இல தொடங்கின சர்வதேச அடிமையாதல் மருத்துவச் சங்கத்தின்ர, அதாவது ஐசாமின்ர பரீட்சை. தகுதி, கட்டணம், திகதியைச் சங்கத்தின்ர தளத்தில மட்டும் பாருங்க, வாட்ஸ்அப்பில சுத்துற பிடிஎஃபை நம்பாதீங்க.

இலக்கம் பற்றி: எந்த இலக்கத்தையும் தனியாப் படிக்காதீங்க. "யார்ர இலக்கம், எந்த வருசத்து இலக்கம்" எண்டதையும் சேர்த்துத்தான் ஞாபக அட்டையில (காட்) எழுத வேணும். வினாவில 'யூனிட்' எண்டு வந்தா பிரித்தானியா, 8 கிராம். 'ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்' எண்டு அமெரிக்க நோயாளியோட வந்தா 14. குடிப்பழக்கத்தை அளக்கிற ஆடிட் வினாக்கொத்தோட வந்தா உலக சுகாதார நிறுவனத்தின்ர 10. அவுஸ்திரேலியாவும் 10தான்.

மூண்டையும் மனப்பாடம் பண்ணுறதவிட ஒரே சூத்திரம் போதும்: மில்லிலீற்றர் × சதவீதம் ÷ 100 × 0.789 = கிராம். நம்மட சாராயத்தில போட்டுப் பாருங்க. 33.5 சதவீதம், 750 மில்லி போத்தல்: 251 மில்லி தூய அற்ககோல், 198 கிராம். பிரித்தானியக் கணக்கில 25 யூனிட், உலக சுகாதாரக் கணக்கில கிட்டத்தட்ட 20, அமெரிக்கக் கணக்கில 14. ஒரே போத்தல்தான்! நோயாளி "ஒரு கால் தான் டொக்டர்" எண்டா 180 மில்லி, 48 கிராம் கிட்ட. ஆடிட் ரெண்டாம் கேள்வியில (குடிக்கிற நாளில எத்தினை ட்ரிங்க்) அதை 'ஒண்டு' எண்டு போட்டா 0 புள்ளி, சரியா 'அஞ்சு' எண்டு போட்டா 2. அரைப் போத்தலெண்டா பத்துக்கிட்ட வந்து 4. ஒரு கேள்வியிலயே வலயம் மாறிப்போகும்: 8 தொடக்கம் 15 வரை ஆபத்தான குடி, 16 தொடக்கம் 19 வரை ஆலோசனையும் தொடர்கண்காணிப்பும், 20உம் அதுக்கு மேலயும் சார்பு நிலையெண்டு பாத்து விசேட பிரிவுக்கு அனுப்புறது.

ஏறாவூர்_இரவுப்பணி | மட்டக்களப்பு

"பியர் மட்டும்தான்" கூட்டத்தையும் சேருங்க. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர், 625 மில்லி போத்தல்: 43 கிராம். கால் சாராயத்துக்குப் பெரிசாக் குறைவில்ல. கசிப்புக்கு (கள்ளச்சாராயம்) சூத்திரம் இல்ல, செறிவு ஆருக்கும் தெரியாது.

கல்முனை_உள்ளகம் | அம்பாறை

அற்ககோல் விலகலத்தான் (குடியை நிப்பாட்டினதும் வாற அறிகுறிகள்) ஆழமாப் படிக்கணும், வினாவும் அங்கதான் கூட. முதல்ல நேரக்கோடு. கடைசிக் குடிக்குப் பிறகு 6 தொடக்கம் 12 மணித்தியாலத்தில கைநடுக்கம், வியர்வை, பதகளிப்பு. வலிப்பு 6இலயிருந்து 48க்குள்ள. டெலிரியம் (கடும் குழப்பநிலை) 48இலயிருந்து 96க்குள்ள. வினாவில "மூண்டாம் நாள், சத்திரசிகிச்சை வார்ட், திடீர்க் குழப்பம்" எண்டு வந்தா இந்தக் கோட்டைத்தான் கேக்கிறாங்க. உணர்வு தெளிவா இருந்து காட்சி மட்டும் தெரிஞ்சா அது அற்ககோல் மாயக்காட்சி, டெலிரியம் இல்ல. இந்த ரெண்டையும் பிரிக்கச் சொல்லித்தான் கேள்வி வரும்.

காரணத்த விளங்கிட்டா நேரக்கோட்டைப் பாடமாக்கத் தேவல்ல. நீண்டகாலக் குடியில மூளையை அடக்குற காபா-ஏ ஏற்பி மந்தமாகுது, தூண்டுற என்எம்டிஏ ஏற்பி கூடுது. குடி நிண்டதும் பிரேக் இல்லாத வண்டி. பென்சோடயஸெபீன் அந்த பிரேக்கைத்தான் திருப்பிக் குடுக்குது.

மருந்து: மிதமான சார்புக்கு குளோர்டயஸெப்பொக்சைட் நிலையான அட்டவணை ஒண்டு: முதல்நாள் 20 மில்லிகிராம் நாலு வேளை, மறுநாள் 15 நாலு வேளை, மறுகா 10 நாலு வேளை, 5 நாலு வேளை, அஞ்சாம்நாள் 5 ரெண்டு வேளை. கடுமையான சார்புக்கு இதவிடக் கூட்டித் தொடங்கி ஏழு நாளுக்கு மேலயும் இழுக்கணும். ஈரல் சுருங்கினவருக்கு லோறஸெபாம். ஏனெண்டா லோறஸெபாம், ஒக்ஸஸெபாம், டெமஸெபாம் மூண்டும் ஒட்சியேற்றம் இல்லாம நேரா குளுக்குரோனைட்டா மாறிப் போற சாதி. டயஸெபாமுக்கு நீண்டகாலம் வேலைசெய்யுற வழிப்பொருள் இருக்கு. நல்ல ஈரலில அது தானாவே மெல்லமெல்ல இறங்கித் தரும், கெட்ட ஈரலில குவிஞ்சு நித்திரையாக்கும். சமவலு: டயஸெபாம் 10, குளோர்டயஸெப்பொக்சைட் 25, லோறஸெபாம் 1.

அறிகுறிக்கேற்ப மருந்தா, நிலையான அட்டவணையா எண்டா, சரியான விடை எப்பவும் அறிகுறிக்கேற்பத்தான். மொத்த அளவும் குறையும், நாளும் குறையும். சீவா-ஏஆர் (அற்ககோல் விலகலை அளக்கிற புள்ளித்தாள்) 8க்குக் கீழயெண்டா மருந்து வேணாம், 15க்கு மேல கடுமை. நாடித்துடிப்பும் அதில புள்ளிதான், மறக்காதீங்க.

வார்ட்_தாதி_அக்கரை | அம்பாறை

நானா, ஒரு திருத்தம். சீவா-ஏஆர் தாளில நாடியும் குருதியமுக்கமும் எழுத இடம் இருக்கு, ஆனா புள்ளி இல்ல. பத்து விசயம்: ஒமட்டல், நடுக்கம், வியர்வை, பதகளிப்பு, அமைதியின்மை, தோல், காது, கண் மாயங்கள், தலையிடி. இந்த ஒம்பதும் 7க்கு. மற்றது இட-கால உணர்வு, 4க்கு. கூட்டினா 67. நாடிக்குப் புள்ளி போடுறது ஓபியொயிட் விலகலை அளக்கிற கவ்ஸ் தாளில. அதில 11 விசயம், உச்சம் 48: 5 தொடக்கம் 12 மெல்லிசு, 13 தொடக்கம் 24 மிதம், 25 தொடக்கம் 36 ஓரளவு கடுமை, அதுக்கு மேல கடுமை. "எந்த அளவுகோலில நாடி சேருது" எண்ட பொறி வினா ரெண்டையும் கலந்து படிச்சவங்களுக்குத்தான்.

மற்றது, சீவாவில பாதிக்கு மேல நோயாளி வாய்திறந்து சொல்ல வேணும். குழாய் போட்டவருக்கும் குழம்பிப் போனவருக்கும் அது சரிவராது.

கல்முனை_உள்ளகம் | அம்பாறை

சரி தங்கச்சி, பிழை என்ர. மேல உள்ள கடைசி வரிய வெட்டிட்டு வாசிங்க.

வாவிக்கரை | மட்டக்களப்பு

"எப்பவும்" எண்ட சொல்லையும் வெட்ட வேணும் டொக்டர். 2010இல வந்த பிரித்தானிய நைஸ் வழிகாட்டி அறிகுறிக்கேற்பக் குடுக்கச் சொல்றது, பயிற்சி பெற்ற ஆக்கள் 24 மணித்தியாலமும் அளந்து பாக்கிற இடத்தில. வீட்டில வைச்சு விலக்கிறதெண்டா நிலையான அட்டவணைதான். முந்தி வலிப்போ டெலிரியமோ வந்தவருக்குப் புள்ளி ஏறுற வரைக்கும் காத்திருக்கிறதும் பிழை. வினாவில ரெண்டு சொல்லைத் தேடுங்க: எங்க வைச்சு, முந்தி என்ன நடந்தது. விடை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். இராத்திரி ஒரு தாதிக்கு நாப்பது கட்டில் எண்டா எந்த முறை பாதுகாப்பு எண்டதைப் பரீட்சகர் கேக்க மாட்டார், ஆனா வார்ட் கேக்கும்.

தயமினையும் (விற்றமின் பி1) முடிச்சிருவம். தயமின் குறைஞ்சு மூளையைத் தாக்கிற வேர்னிக்கே நோயின்ர மூண்டு அடையாளமும் (குழப்பம், தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு) ஒண்டா வாறது ஆறில ஒருத்தருக்குக் கிட்டத்தான். அதாலதான் கெய்ன் அளவுகோல்: போசணைக் குறைபாடு, கண், சிறுமூளை, மனநிலை அல்லது லேசான ஞாபகக் குறைவு, இந்த நாலில ரெண்டு இருந்தாப் போதும். சந்தேகம் எண்டாலே நாளத்தால 500 மில்லிகிராம் மூண்டு வேளை. தடுக்கிறதுக்கெண்டா நாளைக்கு 250, மூண்டு தொடக்கம் அஞ்சு நாள். இது பிரித்தானியக் கணக்கு. பழைய அமெரிக்கப் புத்தகத்தில '100' எண்டு கிடக்கும், சிகிச்சைக்கு அதைத் தெரிவு செய்யாதீங்க. குடிச்ச குடல் தயமினைச் சரியா உறிஞ்சாது, குளிசை போதாது. மக்னீசியம் குறைஞ்சிருந்தா தயமின் குடுத்தும் வேலை செய்யாது, நொதியத்துக்கு அது வேணும். குளுக்கோசுக்கு முந்தித் தயமின், ஓம். ஆனா சீனி 40இல கிடக்கிறவருக்குத் தயமின் ஊசி வாற வரைக்கும் குளுக்கோசைத் தாமதிக்கச் சொல்ற விடை பிழை.

அக்கரைப்பற்று_மருந்தாளர் | அம்பாறை

குடி நிப்பாட்டுற மூண்டு மருந்தையும் உறுப்பைப் பாத்துப் பிரிங்க, மறக்காது. அகாம்ப்ரோசேட் சிறுநீரகத்தால போகும்: வழமை 666 மில்லிகிராம் மூண்டு வேளை, க்ரியாட்டினின் வெளியேற்றம் 30 தொடக்கம் 50 எண்டா 333 மூண்டு வேளை, 30க்குக் கீழ குடுக்கேலா. நால்ட்ரெக்ஸோன் 50: ஈரலைப் பாக்கணும், ஓபியொயிட் எடுக்கிறவருக்குக் குடுத்தா விலகல் பாஞ்சு வரும், 7 தொடக்கம் 10 நாள் விட்டிருக்கணும். டைசல்பிராம் ஆல்டிஹைட் டிஹைட்ரோஜினேசை அடைக்கும், டோபமின் பீட்டா ஹைட்ரொக்சிலேசையும் அடைக்கும். அதாலதான் மனநோய் கிளம்புறது. இந்த ரெண்டாவது நொதியத்தைத்தான் வினாவில கேப்பாங்க. நிப்பாட்டி ரெண்டு கிழமை வரைக்கும் தாக்கம் இருக்கும். இருமல் பாணி, கைகழுவுற திரவம், புளிச்ச கள்ளு எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும்.

களுதாவளை_எம்ஓ | மட்டக்களப்பு

நன்றி, காட் எழுதிக்கொண்டிருக்கிறன். ஓபியொயிட் மாற்றுச் சிகிச்சைதான் எனக்கு இருட்டு. பியூப்ரெனோர்பின் எப்ப தொடங்குறது, ஏன் சிலருக்கு முதல் குளிசையோடயே மோசமாகுது?

வாவிக்கரை | மட்டக்களப்பு

நம்மில கனபேருக்குக் கைப்பழக்கம் குறைஞ்ச பகுதி அது, அதால காரணத்தோட படியுங்க. பியூப்ரெனோர்பின் ஓபியொயிட்டுக்கான மியூ ஏற்பியில பாதிதான் வேலை செய்யும், ஆனா பிடி இறுக்கம். ஹெரோயின் இன்னும் ஏற்பியில இருக்கேக்க குடுத்தா அதைத் தள்ளிப்போட்டுத் தான் குந்தும். முழு வேலை போய் அரை வேலை வந்த உடனே உடம்பு அதை விலகலா உணரும். அதால ஹெரோயின் எண்டா 12 மணித்தியாலமாவது விட்டு, கவ்ஸ் 12 கிட்ட வந்தபிறகு 2 தொடக்கம் 4 மில்லிகிராம் நாக்குக்குக் கீழ. முதல்நாள் 8 வரை, தேவையெண்டா கொஞ்சம் மேல, பிறகு வழமையா 16 கிட்ட. மெதடோனில இருந்து மாறுறதெண்டா ஒரு நாள் போதாது, 36 தொடக்கம் 72 மணித்தியாலம். தூண்டின விலகல் வந்திட்டா நிப்பாட்டுறதில்ல, இன்னும் பியூப்ரெனோர்பின் குடுக்கிறதும் ஏற்கப்பட்ட விடைதான்.

மெதடோன் அதுக்கு நேர்மாறு, பசிச்சுக் கிடக்கிற புலி. அரைவாழ்வு ஆளுக்காள் 8 மணித்தியாலத்தில இருந்து 59 வரை மாறும். இண்டைக்குக் குடுத்த அளவு நாளைக்கும் உள்ள கிடக்கும், நிலைச்ச அளவுக்கு வர அஞ்சு நாள் கிட்டப் போகும். சாவு நடக்கிறது முதல் ரெண்டு கிழமைக்குள்ள, இந்தக் குவியலாலதான். முதல் வேளை 30 மில்லிகிராமுக்கு மேல போகாதீங்க. அமெரிக்க விதியில முதல்நாள் மொத்தம் 40 எண்டு இருந்ததை 2024இல 50 எண்டு மாத்தினாங்க. உங்கட வினா வங்கி அதுக்கு முந்தினதெண்டா 40 எண்டு கிடக்கும். பியூப்ரெனோர்பின் எழுத விசேட 'எக்ஸ்' அனுமதி வேணும் எண்டு ஒரு வினா இருந்தா அந்த வங்கியே பழசு எண்டு முடிவு கட்டுங்க. 2022 டிசம்பர் 29இல கையெழுத்தான சட்டத்தோட அது போயிட்டு.

இசிஜியில கியூடிசி இடைவெளி 500 மில்லிசெக்கனுக்கு மேலயெண்டா மெதடோன் அளவைக் குறை அல்லது மாத்து. ரிபாம்பிசின், கார்பமஸெபின் மெதடோனைக் குறைக்கும். காசநோய் மருந்து தொடங்கி ஒரு கிழமையில "அளவு காணாது" எண்டு வாற நோயாளியை ஏமாத்துக்காரன் எண்டு முடிவெடுக்கிற விடை ஒண்டு எப்பவும் வைச்சிருப்பாங்க. அதைத் தொடாதீங்க. ஓபியொயிட் முறிப்பு மருந்து நலொக்ஸோன் 30 தொடக்கம் 90 நிமிசம்தான் நிக்கும், மெதடோன் அதவிட நெடுக நிக்கும். எழும்பினவரை வீட்டுக்கு அனுப்புறதும் அப்பிடி ஒரு பொறி.

அம்பாறை_ஆய்வுகூடம் | அம்பாறை

சிறுநீர்ப் பரிசோதனையில டொக்டர்மார் விடுற பிழையைச் சொல்றன். 'ஓபியேட்' பரிசோதனைப் பட்டி பிடிக்கிறது மோர்பின், கொடீன் வழியை மட்டும். மெதடோன், பியூப்ரெனோர்பின், ஃபென்டனில், ட்ரமடோல் எதுவும் அதில வராது, தனிப் பட்டி வேணும். ஹெரோயின் எண்டு உறுதியாச் சொல்றது 6-மோனோஅசெட்டைல்மோர்பின், ஆனா அது ஒரு நாளுக்குள்ள போயிரும். பென்சோ பட்டியில குளோனஸெபாமும் லோறஸெபாமும் அடிக்கடி தப்பும். ப்ரிகாபலின் வழமையான எந்தப் பட்டியிலயும் இல்ல. கஞ்சா ஒருக்காப் பாவிச்சா மூண்டு நாள், தினமும் பாவிச்சா ஒரு மாசமும் நிக்கும். லபெட்டலோல், ரனிடிடின், புப்ரோபியோன் அம்ஃபெட்டமினாகப் பொய்யாக் காட்டும். லெவொஃப்ளொக்சசின் ஓபியேட்டாக் காட்டும்.

கலப்படம்: தந்து நாலு நிமிசத்துக்குள்ள வெப்பநிலை 32 தொடக்கம் 38 பாகைக்குள்ள இருக்கணும். க்ரியாட்டினின் டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ எண்டா தண்ணி கலந்தது, 2க்குக் கீழ எண்டா அது சிறுநீரே இல்ல.

கணக்கும் வரும். உணர்திறன் 90, தனித்தன்மை 95 எண்ட பட்டியை நூற்றுக்கு ரெண்டு பேர் பாவிக்கிற பாடசாலையில போட்டா, நேர் விடையில உண்மையானது 27 சதவீதம்தான். அதே பட்டியை நூற்றுக்கு நாப்பது பேர் பாவிக்கிற கிளினிக்கில போட்டா 92. பட்டி மாறல்ல, சனம்தான் மாறினது.

ஏறாவூர்_இரவுப்பணி | மட்டக்களப்பு

புகையிலைக்கு நம்மட ஊர் உதாரணம் ஒண்டு. மனநோய் மருந்து க்ளோசபின் எடுக்கிற பீடிக்காரர் திடீரெண்டு விட்டா க்ளோசபின் அளவு குருதியில ஏறும், முதல் கிழமைக்குள்ள கால்வாசி குறைக்கிறது வழமை. க்ளோசபினை உடைக்கிற ஈரல் நொதியம் சிவைபி1ஏ2ஐத் தூண்டுறது நிக்கொட்டின் இல்ல, புகையில உள்ள பல்வளைய ஹைட்ரோகாபன். அப்ப வெத்திலையோட புகையிலை சப்புறவர் விட்டா? ஏறாது, ஏனெண்டா எரியல்ல. நிக்கொட்டின் பட்டை ஒட்டினாலும் அந்த நொதியம் தூண்டப்படாது. பாபுலும் (புகையிலை கலந்த பாக்குக் கலவை) இதே கணக்கு. பாக்கில உள்ள அரெக்கொலின் மஸ்கரினிக் ஏற்பியில வேலை செய்யும். புகையிலை இல்லாத வெத்திலைப் பாக்கும் 2004இலயே முதலாம் வகைப் புற்றுநோய்க் காரணியா வகைப்படுத்தினதுதான்.

புகை விட உதவுற வரெனிக்ளின்: 0.5 மில்லிகிராம் ஒருவேளை மூண்டு நாள், ரெண்டு வேளை நாலு நாள், பிறகு 1 ரெண்டு வேளை, மொத்தம் 12 கிழமை. மனநோய் கூடும் எண்ட பயத்தை 2016இல ஈகிள்ஸ் ஆய்வு தணிச்சுது. புப்ரோபியோனைக் குடி விட்டுக்கொண்டிருக்கிறவருக்குக் குடுக்காதீங்க, வலிப்பு வரும்.

களுதாவளை_எம்ஓ | மட்டக்களப்பு

ஐஸுக்கு (மெதம்ஃபெட்டமின்) மருந்து ஏதும் கேப்பாங்களா?

கல்முனை_உள்ளகம் | அம்பாறை

அங்கீகரிச்ச மருந்து இல்ல. வலுவான சான்று வெகுமதி முறைக்கு, சுத்தமான சிறுநீருக்குப் பரிசு குடுக்கிற அது. 2021இல வந்த அடாப்ட்-2 ஆய்வைப் படிச்சு வையுங்க: நால்ட்ரெக்ஸோன் ஊசி 380 மில்லிகிராம் மூண்டு கிழமைக்கொருக்கா, புப்ரோபியோன் 450 தினமும். பலன் 13.6 சதவீதத்துக்கு, போலிமருந்தில 2.5. வித்தியாசம் 11.1, அப்ப ஒருத்தர் பலன்பெற ஒம்பது பேருக்குக் குடுக்கணும். இப்பிடி ஒவ்வொரு ஆய்விலயும் ஒரு கணக்குச் செய்துபாத்தா புள்ளிவிபரப் பகுதி தனியாப் படிக்கத் தேவல்ல. குடி மருந்துகளை ஒப்பிட்ட கொம்பைன் (2006), ஓபியொயிட் சார்புக்கு நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் பியூப்ரெனோர்பினையும் ஒப்பிட்ட எக்ஸ்-பொட் (2018), கர்ப்பிணிகளில பியூப்ரெனோர்பினையும் மெதடோனையும் ஒப்பிட்ட மதர் (2010), இந்த மூண்டும் போதும்.

வார்ட்_தாதி_அக்கரை | அம்பாறை

பிஜிஐஎம் (கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவனம்) பக்கம் போறவங்களுக்கு மட்டும்: 1984இன் 11ஆம் இலக்கச் சட்டம் (அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை), 2006இன் 27 (புகையிலை, மதுசார அதிகாரசபை), 2007இன் 54 (சிகிச்சையும் புனர்வாழ்வும்). சர்வதேசப் பரீட்சைக்கு 1961, 1971, 1988 ஐநா சமவாயங்கள். ஆலோசனைத் தொலைபேசி 1927 எண்டதை நோயாளிக்குச் சொல்லிக் குடுங்க, அது வினாத்தாளில வராது.

வாவிக்கரை | மட்டக்களப்பு

ஆறு மாசப் பிரிப்பு: முதல் ஆறு கிழமை அற்ககோலும் பென்சோவும், அடுத்த அஞ்சு ஓபியொயிட், மறுகா நாலு தூண்டிகள், கஞ்சா, புகையிலை. மூளை வழியும் நோயறிதல் அளவுகோலும் ரெண்டு கிழமை (அமெரிக்க மனநோய் நோயறிதல் நூல் டிஎஸ்எம்-5இல 11 அறிகுறியில 2-3 லேசு, 4-5 மிதம், 6உம் அதுக்கு மேலயும் கடுமை, வைத்தியர் எழுதின மருந்தை ஒழுங்கா எடுக்கிறவரில தாங்குதிறனையும் விலகலையும் எண்ணக்கூடாது). ஊக்கமூட்டும் நேர்காணல், சட்டம், ஒழுக்கவியல் ரெண்டு. மிச்சம் முழுக்க வினா.

பிழைவிட்ட வினாவை மூண்டாப் பிரிச்சு எழுதுங்க: தெரியாதது, வாசிக்கேக்க வழுக்கினது, வேற நாட்டு இலக்கம். மூண்டாவது கட்டம் நிரம்புறதுதான் நம்மட ஆக்களுக்கு வழமை, அதை ஒரே தாளில ஒட்டி வையுங்க. காட்டை 1, 3, 7, 21ஆம் நாள் புரட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை சூமில சேர்ந்து 40 வினா, ஒண்டுக்கு 75 செக்கன், 50 நிமிசம். மறுகா ஒவ்வொரு பிழை விடையும் ஏன் பிழை எண்டு கதைக்கிறது. சரியான விடையைக் கதைச்சுப் பிரயோசனம் குறைவு. நோன்பு மாசத்தில தராவீஹுக்குப் பிறகு வைப்பம்.

இந்த ஞாயிறுக்கு ஒண்டு: கசிப்புக் குடிச்ச 38 வயதுக்காரர், 20 மணித்தியாலத்துக்குப் பிறகு "கண்ணுக்குள்ள பனி மாதிரி" எண்டு வாறார், பைகாபனேட் 8, அனயன் இடைவெளி கூட, ஒஸ்மோலார் இடைவெளி கிட்டத்தட்டச் சாதாரணம். பக்கத்து மாணவர் "அப்ப மெதனோல் இல்ல" என்கிறார். சரியா?

ஏறாவூர்_இரவுப்பணி | மட்டக்களப்பு

பிழை. ஒஸ்மோலார் இடைவெளியக் கூட்டுறது தாய் அற்ககோல் (இன்னும் உடையாத மெதனோல்), அனயன் இடைவெளியக் கூட்டுறது அது உடைஞ்சு வாற போர்மிக் அமிலம். நேரம் போகப்போக முதலாவது இறங்கும், ரெண்டாவது ஏறும். 20 மணித்தியாலத்தில சாதாரணமா இருக்கிறது மெதனோல் ஏற்கெனவே மாறிட்டு எண்டதைத்தான் காட்டுது. முறிப்பு மருந்து ஃபொமெபிசோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், மறுகா 12 மணித்தியாலத்துக்கொருக்கா 10, ஃபோலினிக் அமிலம். கண் பாதிச்சிருக்கிறபடியா குருதிச் சுத்திகரிப்புக்கு உடனே அழையுங்க.

களுதாவளை_எம்ஓ | மட்டக்களப்பு

நான் 'இல்ல' எண்டுதான் போட்டிருப்பன். ஞாயிறு எத்தினை மணிக்கு?

வாவிக்கரை | மட்டக்களப்பு

இரவு எட்டரை. சூத்திரத் தாளோட வாங்க, கல்குலேட்டர் வேணாம்.